ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கிய ஓட்டல்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வார்கள். சென்னையில், மேஜைக்கு மேஜை மெழுகுவத்தி ஏற்றி வைத்திருக்கும் ஒரு பெரிய உணவகத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் ஓங்கிப் படார் படார் என்று தட்டினேன். அங்கே கச்சேரி எதுவும் நடக்கவில்லை. அந்தக் கூடத்தில் சத்தம் எவ்வளவு எதிரொலிக்கிறது என்று பார்க்கத்தான் தட்டினேன்.

மூன்று சிப்பந்திகள் ஓடி வந்தார்கள். மூலை மேஜையில் இருந்த குடும்பம் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துத் தானும் தட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்து அடுத்த மேஜையும் தட்டியது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்து, "பர்த்டே யாருக்கு சார்?" என்று கேட்டார்.

"எனக்கு இல்லீங்க" என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வரவில்லை. எதிரொலி மட்டும் நன்றாக வந்தது. ஆகவே அந்த ஓட்டலை என் கணக்கில் தள்ளுபடி செய்துவிட்டு, வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டு வெளியே வந்தேன்.

எல்லாம் என் மனைவியின் காதுக்காக.

எங்களுக்கு ஆரணியில் பட்டுத் தறி. வீட்டுக்குப் பின்கட்டில் தறிகள், முன்கட்டில் வியாபாரம். நான் புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் கடை கடையாகப் போகிறவன். தறிகளுக்கு நடுவே நாளெல்லாம் நிற்கிறவள் அவள். தறிச் சத்தமோ, வயதோ, இரண்டும் கூட்டுச் சேர்ந்தோ, சில வருடங்களாக அவளுக்குக் காது மந்தம். மிஷின் வாங்கிக் கொடுத்தோம்தான். வீட்டில் ஆள் இல்லாதபோது அது ஒழுங்காக வேலை செய்யும். நாலு பேர் கூடினால் தட்டு விழுவதையும் நாற்காலி இழுபடுவதையும் அள்ளிக் காதில் கொட்டிவிட்டு, பேச்சை மட்டும் விட்டுவிடும். "இதுக்கு ஒண்ணும் கேக்காம இருக்கறதே தேவலாம்" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

வேலூரில் அவள் தம்பி மகன் கல்யாண ரிசப்ஷன். மேடையில் பாட்டுக் கச்சேரி, மண்டபம் அதிர்ந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ சொல்ல, என் மனைவி வழக்கம்போல் சிரித்துத் தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் எழுந்து வேறு பந்திக்குப் போய்விட்டார். அவர் சொன்னது தன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த சேதி என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றியதும் சொன்னாள்: "இனிமே என்னை எங்கயும் கூப்புடாதீங்க. நாலு பேர் முன்னாடி பல்ல இளிச்சிகினு உக்காற முடியாது."

அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவள் வரவில்லை. வெளியே போய்ச் சாப்பிடுவதும் நின்றது. ஊரில் கேட்டவர்களிடம் "அவங்களுக்கு மூட்டு வலி" என்று சொல்லி வைத்தேன். காது கேட்காததைவிட மூட்டு வலிக்கு நம் ஊரில் மரியாதை அதிகம்.

எங்கள் கல்யாண நாள் வந்தது. பெங்களூரில் வேலையில் இருக்கும் மகள் போன் செய்தாள். "அப்பா, இந்த வருஷம் அம்மாவ மெட்ராஸ்ல நல்ல ரெஸ்டாரண்ட்டுக்குக் கூட்டினு போங்க. தனியா, நீங்க ரெண்டு பேர் மட்டும்."

"வரமாட்டாளேம்மா."

"ஒரு தடவ நல்லபடியா உக்காந்து சாப்புட்டு வந்தா, அப்புறம் வருவாங்க. இது சொதப்புச்சுன்னா ஜென்மத்துக்கும் வாசல் தாண்ட மாட்டாங்க. நீங்கதான் பாத்துத் தேடணும். விளையாட்டுத்தனம் வேணாம்."

கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு தடவை சொன்னாள். மகள்களுக்கு அப்பாவைத் தெரியும்.

எப்படித் தேடுவது? அமைதியான இடம்தான் வேண்டுமென்றால் ஆரணிக்குப் பக்கத்திலேயே திருமலை என்ற ஊரில் சமணர் குகை இருக்கிறது. ஆனால் சமணர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். கல்யாண நாள் விருந்துக்கு அது சரிப்படாது. போனில் சென்னை ஓட்டல்களைப் பற்றிச் சாப்பிட்டவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நண்டு எப்படி, பிரியாணி எப்படி, விளக்கு எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எதிரில் இருப்பவர் பேசினால் கேட்குமா என்று ஒரு பாவியும் எழுதவில்லை. ஐந்து நட்சத்திரம் வாங்கியவை எல்லாம் 'செம வைப்', 'லைவ் மியூசிக்' என்று மார்தட்டின. எனக்கு அவை அபாய அறிவிப்பு மாதிரித் தெரிந்தன.

அடையாளம் இல்லாமலும் நான் தேடவில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு அறையில் அவளுக்கு நன்றாகக் காது கேட்கும். அது புடவை ரூம். தரையில் ஜமக்காளம், மூன்று சுவரிலும் கூரை வரைக்கும் அடுக்கிய புடவைகள். ஒருநாள் நான் அங்கே மடிப்புச் சரிபார்த்துக்கொண்டே அவள் தம்பியைப் பற்றி எனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து, "அவன் கஞ்சன்னா நீங்க இன்னா கர்ணனா?" என்று பதில் வந்தது. தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்த்தால், அலமாரி மிஷின் அவள் காதில். அத்தனை பட்டும் சேர்ந்து வெளிச்சத்தத்தைக் குடித்துவிட்டு எங்கள் பேச்சை மட்டும் மிச்சம் வைக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதிலிருந்து மகள் வேலை விஷயம், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற விஷயம், எல்லாவற்றுக்கும் எங்களுக்குப் புடவை ரூம்தான் சட்டசபை. வெளிநடப்பு செய்கிற எதிர்க்கட்சி எப்போதும் நான்.

ஆகவே சரக்குக் கொடுக்கச் சென்னை போனபோதெல்லாம், சாப்பாட்டு ருசியை விட்டுவிட்டுத் துணியைப் பார்த்தேன். எத்தனை திரை, தரையில் விரிப்பு உண்டா, நாற்காலியில் மெத்தை உண்டா? ஒரு ஓட்டல் முழுக்கக் கண்ணாடி. அங்கே ஒரு கரண்டி விழுந்தது, கோயில் மணி தோற்றுப்போகும். இன்னொன்று மொட்டைமாடியில், கிட்டாரோடு ஒருவர். கைதட்டிய கதை முன்பே சொன்னேன்.

கடைசியில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் பக்கம் திரும்பினேன். எனக்கு ஆக வேண்டியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் பழைய பெரிய ஓட்டல் ஒன்றின் மாடி உணவகத்தைப் பற்றி எழுதியிருந்தார்: 'சாப்பாடு ஓகே. ஆனா ஒரு சத்தம் இல்ல. சாவு வீடு மாதிரி இருக்கு.' ஊர் திரும்பும் பஸ்ஸில் அதைப் படித்ததும் துள்ளிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார், லாட்டரியா?" என்றார்.

நேரில் போனேன். கனமான மெரூன் திரைகள், உள்ளே இன்னொரு அடுக்குத் துணி. கால் புதையும் கம்பளம். கை தானாகத் திரையின் ஓரத்தைத் திருப்பி நெசவு பார்த்தது. கோட்டுப் போட்ட மேற்பார்வையாளர் வந்தார்.

"சார், கர்ட்டன்ல எதாவது பிராப்ளமா?"

"இல்லீங்க. ரொம்ப நல்லாக்குது."

"சார் இன்டீரியர் டிசைனரா?"

"இல்ல, என் வீட்டம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிக்க வேண்டும் அல்லவா? யோசிக்கவில்லை. ஸ்பீக்கர் இல்லாத மூலையைக் காட்டி, "எங்க ஃபாதருக்கும் அப்படித்தான் சார். சீக்கிரம் வாங்க, கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. லேசா பாட்டு ஓடும், அத நான் நிறுத்திடறேன்" என்றார். அவரிடம் வேடிக்கை பேச எனக்கு மனம் வரவில்லை. அது எனக்கு அபூர்வம்.

அவளைக் கிளப்பியது தனிப் போராட்டம். புடவை ரூமுக்குள் கூட்டிப்போய்த்தான் கேட்டேன். "இந்த ரூம் மாதிரியே ஒரு ஓட்டல் பாத்து வெச்சிருக்கேன்" என்றேன்.

"புடவையா தின்னப் போறோம்?"

"வா, வந்து பாரு. பேஜாரா இருந்தா உடனே எழுந்து வந்துரலாம்."

அடுக்கை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அரக்கு நிறப் புடவை ஒன்றை உருவி எடுத்தாள், அலமாரியிலிருந்து மிஷினையும்.

அந்த மாலை, மூலை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். சிப்பந்தி சூப் வைத்தார். நான், "நல்லாக்குதா?" என்று கேட்டேன்.

கேட்டது தறிவீட்டுக் குரலில். ஐந்து தறிக்கு மேலே எழும்புகிற குரல் அது. எங்கள் ஊரில் ரகசியத்தைக்கூட அந்தச் சுருதியில்தான் சொல்வோம். தூரத்து மேஜைகள் திரும்பின. அவள் சட்டென்று உள்ளங்கையைக் கவிழ்த்து மேஜைமேல் இரண்டு தடவை ஆட்டினாள். தறிகளுக்கு நடுவே கையாலேயே பேசிப் பழகிய எங்களுக்கு அதன் அர்த்தம், 'சத்தத்தைக் குறை.' சிப்பந்திக்கு அதன் அர்த்தம், 'போதும், எடுத்துக்கொண்டு போ.' பாதி சூப்போடு கிண்ணம் போய்விட்டது.

"நல்லாதான் இருந்துச்சு" என்றாள், போகிற கிண்ணத்தைப் பார்த்து.

மகள் சொன்ன சொதப்பல் இதுதானா? எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. தலையை லேசாகச் சாய்த்து எதையோ கவனித்தாள். பிறகு முன்னால் குனிந்து மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னாள்: "பின்னாடி டேபிள்ல சண்டை."

"யாரு?"

"திரும்பாதீங்க. புருஷன் பொண்டாட்டி. உங்கம்மா வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்றா. அவன் மூச்சு வுடல. இரு இரு... டிக்கெட் போட்டாச்சுன்றான்."

பின்மேஜைச் சண்டை முடியும்வரை எனக்கு வர்ணனை ஓடியது. அடுத்தவர் வீட்டுச் சண்டையை இத்தனை வருடம் கழித்து அவள் சொந்தக் காதால் கேட்கிறாள். கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு. முந்தானை எப்போது தோளுக்குத் தளர்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. மீனை முள் எடுத்துச் சாப்பிட்டாள், இன்னொரு சூப் தானே கேட்டு வாங்கினாள். சிப்பந்தி ஏதோ கேட்டதற்கு என்னைப் பார்க்காமல் அவளே பதில் சொன்னாள்.

பின்மேஜைக்காரர்கள் சமாதானமாகிப் போய்விட்டார்கள். அவள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கையை மடித்து வைத்து, என்னைப் பார்த்தாள். கேட்கத் தயாராக.

எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்த வேடிக்கைகள் எல்லாம் சத்தமான இடத்துக்குத் தைத்த சட்டைகள். இங்கே ஒன்றும் பொருந்தவில்லை. அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நான் எத்தனை வருடமாகப் பேசாமலே இருந்திருக்கிறேன் என்று யோசித்தேன். சாப்பிட்டாயா, விளக்கை அணை, கரண்டு பில் வந்தது. புடவை ரூம் சட்டசபையிலும் வீட்டுக் காரியம் மட்டும்தான். மற்றதையெல்லாம் கைச்சாடையில் முடித்துக்கொண்டு, மிச்சத்தை அவள் காதின்மேல் பழி போட்டிருக்கிறேன். ஊரில் வாயாடி என்று பெயர் எடுத்தவன், நகரத்து ஓட்டல்களில் அலைந்து அலைந்து ஓர் அமைதியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்குள் வைக்க என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

தண்ணீர் குடித்தேன். கரண்டியை நேராக்கி வைத்தேன். திரையைப் பார்த்தேன். கடைசியில், புத்தி உள்ளவன் கேட்காத கேள்வியை, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"இங்க நான் பேசறது உனக்கு நல்லா கேக்குதா?"

"கேக்குது, நீங்கதான் இன்னும் ஒண்ணும் பேசல."