நல்ல கேபிள் ரிலீஸ் கேட்டு வந்தவர்கள்

எங்கள் கடையில் ஆகச் சின்ன வியாபாரம் கேபிள் ரிலீஸ்தான். நான் ஆகக் கூடுதலாக மனம் நொந்ததும் அதை விற்றுத்தான்.

தெரியாதவர்களுக்கு: அது ஒரு முழ நீள வயர். ஒரு முனையை பிலிம் கமராவில் திருகிவிட்டு மறுமுனையில் உள்ள குமிழை அழுத்தினால், உள்ளிருந்து ஒரு ஊசி வந்து ஷட்டரைத் தட்டும். கமராவில் கை படாததால் படம் அசையாது. ரொறன்ரோ டவுன்டவுனில் பழைய கமராக்கள் விற்கும் கடையொன்றின் கவுண்டருக்குப் பின்னால் பதினொரு வருடமாக நிற்கிறேன். பிலிமுக்கு இப்போது ஆட்கள் நிறைய வருகிறார்கள். ஆனால் விளையாட்டாகப் படம் எடுக்கிறவர்கள் கேபிள் ரிலீஸ் கேட்பதில்லை. திரும்ப எடுக்க முடியாத படம் ஒன்றை மனதில் வைத்திருப்பவர்கள்தான் கேட்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் எல்லோருக்கும் தெரியும், அப்படிப்பட்டவர்களுக்குச் சாமான் விற்பது எவ்வளவு பயம் என்று.

கட்டை விரல்

மில்லிக்கனில் இருந்து வந்த அங்கிள் ஒருவர், எழுபது வயது இருக்கும். என்னைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்க ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் வந்து, இந்தச் சாமான் பற்றி இந்த அம்மாவுக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

துணி சுற்றிய வயர் ஒன்றையும் பிளாஸ்ரிக் வயர் ஒன்றையும் எடுத்து வைத்தேன். இரண்டையும் வளையமாக வளைத்துக் குமிழை அழுத்திக் காட்டினேன். துணி வயரில் ஊசி சட்டென்று வெளியே வந்து உள்ளே போனது. பிளாஸ்ரிக்கில் பாதி வழியில் இறுகி நின்றது. நேராகப் பிடித்தால் எல்லா வயரும் வேலை செய்யும், வளைத்துப் பார்த்தால்தான் குணம் தெரியும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டிவிட்டு, பளபளப்பாக இருந்த பிளாஸ்ரிக்கையே வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை கட்டை விரலில் பன்டேஜோடு வந்தார். உள்ளே இருந்த கம்பி உறையைப் பிய்த்துக்கொண்டு விரலில் ஏறிவிட்டதாம். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அண்டைக்கு நீர் இன்னும் கொஞ்சம் வடிவாச் சொல்லியிருக்கலாம், பிள்ளை."

ஏரிக்கரை

மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், பெயர் சரவணன். ஒஷாவாவில் தங்கி புகைப்படம் படித்துக்கொண்டிருந்தான். உறைந்த ஏரியை விடியற்காலையில் பிலிமில் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் அவனுடைய கடைசிப் பாடம். ஷட்டரை ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிடம் திறந்து வைக்க வேண்டும். துணி சுற்றிய பழைய வயர் ஒன்றை எடுத்து, வளைத்து, அழுத்தி, ஷட்டர் திறந்தே நிற்கும்படி குமிழைப் பூட்டி, பத்துத் தரம் சோதித்தேன். "இது பிழைக்காது, கொண்டு போங்கோ" என்றேன்.

நான் சோதித்தது ஹீற்றர் போட்ட கடைக்குள். அவன் நின்றதோ மைனஸ் இருபதில். வயருக்குள் இருந்த பழைய கிறீஸ் குளிரில் இறுகி, வெளியே போன ஊசி திரும்பி வரவில்லை. ஷட்டர் மூடவேயில்லை. அது அவனுக்குப் பிடிபடுவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விட்டது. பிறகு கையால் அழுத்தி எடுத்தவை எல்லாம் அசைந்துவிட்டன. அடுத்த கிழமை போனபோது ஏரி உருகத் தொடங்கியிருந்தது. அந்தப் பாடத்தில் தவறி, இன்னொரு தவணை படிக்க வேண்டி வந்தது. வயரைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது இதையெல்லாம் சத்தம் போடாமல் சொன்னான். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்ல அக்கா, அதனாலதான் இன்னொண்ணு எடுத்துட்டுப் போகல."

ஐஸ்பெட்டி

அன்றிலிருந்து கடையில் உள்ள எல்லா வயர்களையும் ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துச் சோதிக்கத் தொடங்கினேன். குளிரில் ஊசி திரும்பாதவற்றைக் குப்பையில் போட்டேன். பாதிக்கு மேல் போனது. பின்னறையில் ஷட்டர் திருத்தும் துஷிக்கும் எனக்கும் ஒரே ஐஸ்பெட்டிதான். அவள் இங்கேயே பிறந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டை எடுக்கப் போனவள் ஃப்ரீசரையும் திறந்து, உறைந்த வயர் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஐ ஆம் சொறி அக்கா, பட் இதெல்லாம் ஃப்ரீஸ் பண்ணி அந்தப் பெடியன்ட ஏரி திரும்பி வராது."

நடுக்கம்

வெக்ஸ்போர்ட்டில் இருந்து பத்மாவதி என்றொரு அம்மா வந்தார். கைநடுக்க வருத்தம். யன்னலில் வளர்க்கும் பூமரங்களை மிக நெருக்கத்தில் படம் எடுப்பவர். ஆறு மாதமாக ஒரு படமும் தெளிவாக வரவில்லையாம். கமராவை முக்காலியில் ஏற்றி, இருந்ததில் உறுதியான வயரைப் பூட்டி அவர் கையில் கொடுத்தேன். கமராவுக்குள் பார்த்தால் எல்லாம் ஆடுகிறது. வயர் விறைப்பாக இருந்ததால் அவருடைய நடுக்கத்தை அப்படியே கமராவுக்குக் கொண்டு போனது.

ஒரு மீற்றர் நீளத்தில் மெல்லிய துணி வயர் ஒன்று இருந்தது. அதைப் பூட்டி, நடுவில் தளர்வாகத் தொங்க விட்டேன். படம் அசையாமல் நின்றது. அடுத்த சிக்கல், அழுத்திய குமிழை அப்படியே பிடித்து வைக்கும் பூட்டு. சின்னத் திருகாணியை அவரால் திருக முடியவில்லை. அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் தட்டு வைத்த ஒன்றைத் தேடி எடுத்தேன். மூன்றாவது தரம் விரல் குமிழில் விழுந்தது. ஷட்டர் திறந்த சத்தம் கேட்டது. மறுகையால் அவர் கவுண்டரைப் பிடித்திருந்தார், அதில் இருந்த சாமான்கள் எல்லாம் கிலுகிலுத்தன. நான் அந்தக் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"எனக்கு நடுங்கினால் நடுங்கட்டும் தங்கச்சி, படத்துக்கு அது தெரியக் கூடாது."

கடைசிப் பக்கம்

ஞானம் அண்ணை கடைக்கு வந்தது மழை நாளொன்றில். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டா, இனி வைத்தியம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றார். அவவோடு பக்கத்தில் இருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். கலியாணம் முடித்த வருடம் வாங்கிய கமரா, தானாகத் தட்டும் வசதி எப்போதோ பழுது. போனில் எடுக்கலாமே என்று கேட்டேன். அல்பம் முழுக்க இந்தக் கமராவில் எடுத்தது, கடைசிப் பக்கம் ஒன்று மிச்சம் இருக்கிறது என்றார்.

அவருக்குப் பொருத்தமானது காற்றில் வேலை செய்யும் வகை. நீண்ட இறப்பர்க் குழாய், முனையில் ஒரு பந்து. கதிரையில் இருந்தபடியே பந்தை அமத்தலாம். கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குழாயின் வாயை விரலால் மூடிப் பந்தை அமத்தி, கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கோ மெதுவாகக் காற்றுப் போனது. "இறுக்கி அமத்தினால் வேலை செய்யுதுதானே, உதையே தாங்கோவன்" என்று கெஞ்சினார். நான் சரவணனை நினைத்துக்கொண்டேன். "இல்லை அண்ணை, நம்பேலாத சாமான் தரமாட்டன். புதுசு எடுப்பிச்சுத் தாறன்" என்றேன். புதியது வந்து சேர ஒன்பது நாள் ஆனது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. மூன்று கிழமை கழித்து, சொன்ன சொல்லுக்காக வாங்கிப் போக வந்தார். ஒரு ஓட்டையும் இல்லாத குழாய். அதைக் கவுண்டரில் வைத்தேன். பழையதைக் கொடுத்திருந்தால் நாலு தரத்தில் ஒரு தரமாவது தட்டியிருக்கும். அவர் பந்தைக் கையில் எடுத்து ஒரு தரம் அமத்திப் பார்த்தார்.

"அல்பத்தில எல்லா இடமும் அவ தனியத்தான் நிக்கிறா பிள்ளை, கடைசிப் பக்கத்தை அப்பிடியே வெறுமையா விட்டிட்டன்."

எந்த ரிலீஸ் நல்லது, எது கூடாதது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இப்போது எனக்குத் தெரியும். எது போதும் என்று சொல்லத்தான் இன்னும் தெரியவில்லை.