ஆனி முதல் தேதிக்குள் ஒரு ரொட்டி

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. ஆனி முதல் தேதி. ஐந்து பத்துக்கு எழுந்து கேட்டைத் திறந்தேன். பால் பாக்கெட்டை எடுத்துவந்து காய்ச்சினேன். மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன், முக்கால் இருந்தது. இரவெல்லாம் சாரல் விட்டுவிட்டு விழுந்திருந்ததால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆறு மணிக்கெல்லாம் குற்றாலம் சாலையில் வேன்கள் போகத் தொடங்கிவிட்டன. ஆறே காலுக்கு மைதா ஒரு கிலோ அளந்து பிசைந்தேன். அன்றுதான் கெடுவின் கடைசி நாள்.

கெடு வைத்தது என் மனைவி. எங்கள் வீட்டின் பின்பக்கம் பதினான்கு அடிக்குப் பதினோரு அடி மண்தரை உண்டு. வருடாவருடம் அவள் அதில் அவரைப் பந்தல் போடுவாள். மாசியில் நான் அந்த இடத்தைக் கேட்டேன், ரொட்டி சுட ஒரு விறகு அடுப்பும் அதைச் சுற்றிக் கல் தளமும் என் கையாலேயே போட. மூன்று நாள் யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

"ஆனி ஒண்ணாந்தேதிக்குள்ள ஒரு ரொட்டியாவது ஒழுங்கா வேகணும். இல்லன்னா கல்லைப் பேத்துட்டு அவரைக்குக் குழி எடுத்துருவேன். ஆடியில வெதை போடணும்லா."

சரி என்றேன். நான் பள்ளியில் ஆய்வக உதவியாளர். அளந்து, எழுதிவைத்துச் செய்தால் எதுவும் தப்பாது என்று இருபத்தாறு வருடமாக நம்புகிறவன். தளத்துக்கு ஆறு அங்குலம் தோண்டி, ஜல்லி போட்டு இடித்து, எம்-சாண்ட் பரப்பி, கடப்பாக் கற்களைப் பதித்தேன். நான்கு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு. மழைத் தண்ணீர் இன்றுவரை நேராகத் தென்னைமரத்துக்குப் போகிறது. அடுப்பை அவள் சொன்னபடி தென்கிழக்கு மூலையில், அக்னி மூலையில், கட்டினேன். கிழக்கு பார்த்து நின்றுதான் சமைக்க வேண்டும் என்றும் சொன்னாள். எங்கள் வீட்டில் யாரும் வேறு திசை பார்த்துச் சமைத்ததில்லை. ஆகவே அடுப்பின் வாய் மேற்கே. மணலைக் குவித்து, அதன்மேல் ஈரப் பேப்பர் ஒட்டி, செம்மண்ணும் வைக்கோலும் சேர்த்து மிதித்த சேற்றை நான்கு அங்குலக் கனத்தில் அப்பினேன். காய்ந்ததும் மணலை வாய்வழியே வாரி எடுத்தேன். சித்திரையில் இருபத்தொரு நாள் சின்னச் சின்னத் தீ போட்டு உள்ளே உலர்த்தினேன். வாய்க்கு மேலிருந்த குழாய் வழியாகப் புகை குச்சி நட்டதுபோல் நேரே போனது. அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

ஜூன் முதல் தேதி சுட்ட முதல் ரொட்டி, உள்ளே இருந்த பக்கம் கரி, வாய்ப் பக்கம் பச்சை மாவு. எட்டாம் தேதியும் அப்படியே. அடுப்புத் தரை சாய்ந்திருக்குமோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. புளிய விறகு ஈரமோ என்று ஒரு கட்டையைப் பிளந்தேன், உலர்ந்துதான் இருந்தது. அதே விறகு, அதே எடை, அதே நேரம். சித்திரையில் சொன்னபடி கேட்ட அடுப்பு இப்போது ஏன் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.

பதினைந்தாம் தேதி ஏழு மணிக்குத் தீ மூட்டினேன். புகை குழாய்க்குப் போகாமல் என் முகத்தில் குபுகுபுவென்று அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தது. பின்வீட்டு பாய். ஷார்ஜாவில் ரொட்டிக் கடையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர், முந்தின நாள்தான் விடுப்பில் வந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, ரொட்டி சுடுதியளா, கொசு வெரட்டுதியளா?"

சித்திரையில் ஒழுங்காக எரிந்த அடுப்புதான், வந்து பாருங்கள் என்றேன். வந்தார். அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து உள்ளே பார்த்தார், என் முதுகுப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"செங்கோட்டைக் கணவாய்க்கு நேரா வாயைப் பொளந்து வச்சிருக்கியளே! காத்து மொத்தமும் இதுக்குள்ளதான போகுது. தீயை உள்ள தள்ளிட்டுப் போயிரும், முன்பக்கம் எப்படிச் சூடாவும்? சித்திரையில காத்து கெடையாது, தெரியல. இப்பம் பாருங்க."

பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "நோட்டு நோட்டா எழுதுனியளே, காத்துன்னு ஒண்ணு எழுதுனியளா?" என்றாள்.

நோட்டைப் புரட்டினேன். எழுதவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் இந்தக் காற்றில் ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவன் நான்.

"வாயை வடக்க மாத்திருங்க, சோலி முடிஞ்சு" என்றார் பாய். கிழக்கிலும் தெற்கிலும் மதில், நிற்க இடமில்லை.

"வடக்க வாய் வச்சா தெக்க பாத்துல்லா நிக்கணும். எமனுக்கா ரொட்டி சுடுதிய?" என்றாள் மனைவி.

"அது எனக்குத் தெரியாது தாயி. நாங்க அங்கன ஃபேனுக்கு அடியில நின்னு சுட்டோம். எந்தத் தெசைன்னு எவன் பாத்தான்!"

அவர் போனபின் நான்கு படம் வரைந்தேன். மேற்கே வைத்தால் காற்று. வடக்கே வைத்தால் அவள் நிற்கமாட்டாள். மற்ற இரண்டும் மதில். நான்காவது படத்தை வரைந்து முடித்தபோது முதல் படத்தில் எது எந்தத் திசை என்று எனக்கே குழம்பிவிட்டது. தப்பு என்னுடையதா, அவள் சொன்ன திசையுடையதா என்றும் பிரிக்க முடியவில்லை. திசை சொன்னது அவள். காற்றை மறந்தது நான்.

பிசைந்த மாவை வீணாக்காமல் ரொட்டியை உள்ளே வைத்தேன். பழைய கதைதான். பத்தரைக்கு அவள் கத்தியோடு வந்தாள். கரியை ஒரு பக்கம் வெட்டித் தள்ளினாள், பச்சையை மறுபக்கம். நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு மிஞ்சியது. அதைத் தேங்காய்ச் சட்னியில் தொட்டுத் தின்றாள்.

"இது வெந்திருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். குழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ரொட்டியாவது ஒழுங்காக வேக வேண்டும் என்பதுதான் பேச்சு; மூன்று விரல் துண்டு ரொட்டி ஆகுமா? அவள் விட்டுக்கொடுத்தாளா, கெடுவை மறந்தாளா, நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாளா? மதியம் சோறு போட்டபோதும் அவள் முகத்தைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன சேலை கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வந்தாலும் எனக்குச் சங்கடம் என்று பட்டது.

திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கேட்டைத் திறக்கவில்லை, பாலும் எடுக்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், தளத்தின் வடக்கு ஓரத்தில் நான்கு கல்லைப் பெயர்த்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அவரைக் குழி தோண்டினேன்.