மூக்கு வழியே ஒரு நிச்சயதார்த்தம்

சென்ற ஞாயிறு காலை தலைவலியோடு எழுந்தேன். வேறு நாளாக இருந்தால் அதைச் சாக்காக வைத்துப் படுத்தே இருந்திருப்பேன். அன்றோ ஆபீஸ் நண்பர் சபாபதியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் பக்கத்தில் கோட்டுப் போட்டவன் நான் ஒருவன்தான் — போகாமல் முடியுமா?

வழியில், தேக்கா கடைத்தெருவில் மரைக்காயர் கடை. நாகூரிலிருந்து கப்பலேறி இங்கே வந்து அத்தரும் மருந்துச் சரக்கும் விற்பவர். என் முகத்தைப் பார்த்ததுமே ஒரு சின்ன டப்பியை எடுத்து வைத்தார்.

"நசியப் பொடி. மூக்குல இழுங்க, நேரா மூளைக்குப் போயிடும்."

"வயித்து வழியா அனுப்பினா ஆகாதா, மரைக்காயரே?"

"அது மாட்டு வண்டி ஐயா. ஊரெல்லாம் சுத்திட்டுச் சாயங்காலந்தான் போய்ச் சேரும். இது டிராம்."

டப்பியை வாங்கி, ஒரு சிட்டிகையை டிராமில் ஏற்றினேன். சபாபதி வீட்டுக் கூடத்தில் போய் உட்காரும் வரை ஒன்றும் நடக்கவில்லை. தாம்பூலத் தட்டை மாற்றக் கைகள் நீண்டன. அந்த நொடியில் தும்மினேன். ஒரே ஒரு தும்மல்.

இரட்டைத் தும்மல் என்றால் ஆசீர்வாதம். ஒற்றைத் தும்மலுக்கு நம்மவர்கள் புறப்பட்ட கப்பலையே நிறுத்துவார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்டைக் கீழே வைத்தார்.

"சகுனம் சரியில்ல. ஆவணியில பாத்துக்கலாம்."

ஆவணி என்றால் என்ன அர்த்தம்? அதற்குள் பையனுக்கு வேறு இடம் பார்த்துவிடுவார்கள் என்று அர்த்தம். சபாபதி என் காதருகே குனிந்தார்.

"இன்னொண்ணு தும்முய்யா. உன் காலப் பிடிக்கிறேன்."

அவசரமாக இன்னொரு சிட்டிகை இழுத்தேன். மூக்கு சுளித்தது, கண் கலங்கியது, வாய் திறந்தது... தும்மல் மட்டும் வரவில்லை. சபையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மூக்குக்குத்தான் துணிவு வரும்?

"என்னய்யா பொடி அது?" என்றார் தாய்மாமன்.

"மூளைக்கு மருந்து. மூக்கு வழியா நேரா போகும்."

"கிழிச்சுது. குடுய்யா, பாப்போம்."

இழுத்தார். தும்மினார். அவரும் ஒன்றே ஒன்று.

உள்கதவுக்குப் பின்னாலிருந்து சபாபதியின் மனைவி குரல் கேட்டது. "ரெண்டாச்சு. பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு. தட்டை மாத்துங்கண்ணே."

தன் தும்மலைத் தானே அபசகுனம் என்று சொல்ல எந்த மாமனுக்கு மனம் வரும்? தட்டு மாறியது. என் தலைவலி மாறவில்லை.

பொடி நிஜமாகவே மூளைக்குப் போகிறதா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அன்று அந்த வீட்டில் மூளை வேலை செய்தது ஒருவருக்குத்தான் — அந்த அம்மாள் டப்பியைத் தொடவேயில்லை.