ஒருவருக்காக வரவழைத்த மாத்திரை

மாமல்லபுரத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். காய்ச்சல் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தானாக ஓடிவிடும். ஓடாத சரக்குதான் கழுத்தை அறுக்கும். மாதக் கடைசியில் அலமாரியைக் கலைத்து, காலாவதி நெருங்கியதைத் தனியே எடுத்து மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்புவேன். பிரித்த பெட்டியை மட்டும் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்படிப் பிரித்த பெட்டி ஒன்று என்னிடம் எப்போதும் இருந்தது. தசைகள் தளர்ந்துபோகும் நோய்க்கான மாத்திரை. பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் ஒரு பெண்மணி மட்டும்தான் அதை வாங்குவார். அவருடைய கணவர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சாயங்காலமானால் அவரால் இமையைத் தூக்க முடியாது, சோற்றை மெல்ல முடியாது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை சில சமயம் தீர்ந்துபோகும்.

"நீ எப்பவும் வெச்சிகினே இருண்ணா. இது இல்லாங்காட்டி அவரால தண்ணிகூட முழுங்க முடியல" என்று கேட்டுக்கொண்டார்.

சரி என்றேன். ஒருமுறை அவர் வரத் தாமதமானது. வந்தபோது, "காலாவதி ஆயிடும்மா, உன்னத் தவிர இத வாங்க ஆளில்ல" என்றேன். மனதில் எதுவும் வைத்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தவறாமல் வந்தார். மழைக்காலம் முடிந்ததும் கூடுதலாகவே அட்டைகளை வாங்கினார். நோய் முற்றியிருக்கும், டாக்டர் அளவைக் கூட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி அட்டையைக் கொடுத்த அன்று, அடுத்த பெட்டிக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாண்ணா. இனிமே வரவெக்காத."

"டாக்டர் மருந்த மாத்திட்டாரா?"

கூடையைக் கீழே வைத்தார். "மழைக்கு முன்னாடியே அவரு பூட்டாரு. மூச்சு வுட முடியல. ஆட்டோல செங்கல்பட்டுக்குக் கொண்டுகினு போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டல."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அப்புறம் ஏம்மா இத்தன நாளா வாங்கின?"

"எனக்கோசரம்தான வரவெச்ச? நா நின்னுட்டா உன் தலையிலதான வுழும்."

பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் கையை நீட்டவே இல்லை. அந்த மாத்திரைகள் எங்கே என்று கேட்டேன். கணவர் படுத்திருந்த இடத்தில் அப்படியே இருப்பதாகச் சொன்னார். மறுநாள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுவந்து கண்ணாடி மேசை மேல் வைத்தார். "யாருக்காச்சும் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விற்று வெளியே போன மருந்தை மறுபடி விற்க முடியாது. பையை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வார்டில் நர்ஸ் ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். உப்புக்காற்றில் தாள் நமுத்து, கருவாட்டு வாடை அடித்தது. "வெளியிலேர்ந்து வர்றத நாங்க வாங்கக் கூடாது சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நான் பையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காலாவதியானவற்றோடு அவையும் எரிக்கப் போயின.

அந்தப் பெண்மணி இன்னும் பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் விற்கிறார். எதிரே பார்த்தால் தலையசைப்பார். தலைவலி மாத்திரைக்குக்கூட அவர் அடுத்த தெருக் கடைக்குத்தான் போகிறாராம், என் மனைவி சொன்னாள். அங்கே அவருக்கென்று யாரும் எதையும் வரவழைத்து வைப்பதில்லை.