மேல் வீட்டுக்கு ஒரு வாளி

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் காலையில் குழாயைத் திறந்தால் யாரும் முதலில் கையை நீட்ட மாட்டார்கள். மூக்கைத்தான் நீட்டுவார்கள். ஆற்றில் எவனோ எதையோ கொட்டிவிட்டான், சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள், தண்ணீர் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்று கைத்தொலைபேசியில் செய்தி வரும். படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவோம். பிறகு வாளிகளைத் தேடுவோம். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன கூத்து. சித்தி இருக்கும் செராஸில் தண்ணீர் நின்று எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தால், அவள் அழுக்குத் துணி மூட்டையோடு பாசம் பொங்க வந்து இறங்கிவிடுவாள். எங்கள் பக்கமும் நின்றுவிட்டால் பாசமும் நின்றுவிடும்.

அந்த முறை எல்லாப் பக்கமும் நின்றது. எங்கள் வீடு நான்காவது மாடியில். மின்தூக்கி வழக்கம்போல் பழுது. வீட்டில் அம்மா, கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணன், செய்துகொண்டு திரும்பி வந்துவிட்ட நான். அண்ணன் லோரி ஓட்டுநர். ஷா ஆலம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் தொட்டி லோரியை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் பிரிக்பீல்ட்ஸில் ஆசிரியை, தினமும் ரயிலில் போய் வருகிறவள்.

தண்ணீர் லோரி கீழே வந்து நின்றதும் அண்ணன் இரண்டு கையிலும் வாளியோடு இறங்கினான். முதலில் எங்கள் வீட்டுக்குத் தூக்கினான். அடுத்தது மேல் வீட்டுக்கு. மேல் வீட்டு ஆன்டிக்கு முட்டி வலி, மருமகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள், மகன் சிங்கப்பூரில் வேலை. அதன் பிறகு பக்கத்து வீட்டுச் சீனக் கிழவருக்கு, கடைசி வீட்டு மலாய்க்கார அக்காவுக்கு. யாரும் கேட்கவில்லை. அவனாகவே கதவைத் தட்டி வாளியை வாங்கிக்கொண்டு போனான். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வரேன்" என்றவன் வரவில்லை. அம்மா அவன் தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். தோள் வீங்கியிருந்தது.

"என்னண்ணே, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. எப்போதும் என் கேலிக்கு ஒரு பதில் வைத்திருப்பவன் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினான். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மேல் வீட்டு ஆன்டி ஒவ்வொரு வாளிக்கும் அவன் தலையில் கை வைத்து வாழ்த்தினார். "நீ நல்லா இருப்பே. உன் கை நல்லா இருக்கும். உன்னப் பெத்தவ புண்ணியம் செஞ்சவ." நாங்கள் கதவைத் திறந்து வைத்திருந்தால் படிக்கட்டில் அந்தக் குரல் கேட்கும். அம்மா சமையலறையில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அப்பா போன பிறகு அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் திரும்பி வந்த பிறகு அதிகாரிகள் வந்தார்கள், கூடவே போலீசும். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு போனான். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆற்றில் கொட்டப்பட்டது அவன் ஓட்டிய லோரியிலிருந்த கழிவு என்று மாலைக்குள் அடுக்குமாடி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தண்ணீர்த் தடையில் ஆன்டியின் பேரப்பிள்ளை வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. எதனால் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் ஆன்டி எங்கள் வீட்டு வாசலைப் பார்க்காமல் படியேற ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு. ஒரு ஆசிரியை பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "இந்த டிரைவர தூக்குல போடணும்லா" என்றாள். "அவர் என் அண்ணன். கயிறு நீங்க கொண்டு வரீங்களா, நானே வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அன்று அந்த வாய் இல்லாவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

நான் அவனை நம்பினேன். லோரியில் என்ன ஏற்றுகிறார்கள் என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? முதலாளி சொன்ன இடத்துக்குப் போனான், சொன்ன குழாயைத் திறந்துவிட்டான். இதையே எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடம் தினமும் சொன்னேன். அவன் ஜாமீனில் வெளியே வந்தபோது அவனிடமும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஷா ஆலம் நீதிமன்றத்துக்கு அம்மாவையும் அழைத்துப் போனேன். கம்பெனியின் முதலாளி வரவில்லை. உடம்பு சரியில்லையாம், டாக்டர் சீட்டு வந்தது. கம்பெனி வக்கீல், ஓட்டுநர் தன்னிஷ்டத்துக்குச் செய்த காரியம், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்றார். அண்ணனுக்கு இலவசமாக வாதாட வந்த வக்கீல் ஒரு சின்னப் பெண். உள்ளே போகுமுன் அவள் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்: "லோரியில என்ன இருந்துச்சுன்னு தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. மத்தத நான் பாத்துக்குறேன்."

நீதிபதி மலாயில் கேட்டார். அம்மாவுக்குச் சந்தையில் பேசும் பாசார் மலாய்தான் தெரியும். கோர்ட்டு மலாய் பிடிபடாது. நான் அவள் காதில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். லோரியில் இருந்தது என்னவென்று உனக்குத் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு முன்னால் பார்த்து, "சாயா தாஹு" என்றான்.

தெரியும் என்கிற அந்த வார்த்தை அம்மாவுக்குப் புரிந்தது. நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவன் இன்னும் சொன்னான். முதல் தடவை தெரியாதாம். வாடை மூக்கில் ஏறிய பிறகு தெரிந்ததாம். முடியாது என்றால் வேறு ஆள் ஓட்டுவான் என்று முதலாளி சொன்னாராம். ஆறு அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தானாம். எங்கள் வீட்டுக் குழாயில் அந்த வாடையை முகர்ந்தபோது கை கால் ஓடவில்லையாம். அதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை. வீங்கிய தோளோடு அவன் வாளி தூக்கியதுதான் கண்முன் நின்றது. தெரிந்துதான் தூக்கினான். ஒவ்வொரு வாழ்த்தையும் தெரிந்துதான் தலை குனிந்து வாங்கிக்கொண்டான்.

அவனைச் சிறையில் போட்டார்கள். கம்பெனியின் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. பார்க்கப் போனபோது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாப்பிடுறியாய்யா?" என்று மட்டும் கேட்டாள். ஏன் செய்தாய் என்று அவள் கடைசிவரை கேட்கவில்லை. நான் கேட்டேன். "வேலை போயிடும்னு பயந்தேன்" என்றான். அவ்வளவு சின்னப் பதில். அந்தப் பதிலுக்காக அவன் மேல் எவ்வளவு கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் சேர்ந்து அந்தத் தொழிற்சாலையின் மேல் தனியாக ஒரு வழக்குப் போட்டார்கள். சிறையிலிருந்து அண்ணனைச் சாட்சிக்குக் கொண்டுவந்தார்கள். எந்தக் கால்வாய், எந்த வளைவு, யார் அனுப்பினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னான். அவன் சொல்லியிருக்காவிட்டால் உத்தரவு கிடைத்திருக்காது என்று குடியிருப்பாளர்களின் வக்கீலே சொன்னார். தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் நீரை வெளியாட்கள் பரிசோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தன் மேசைக்கு வர வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. கேட்டபோது எனக்குக்கூடக் கண் கலங்கியது. ஆனால் தவணை வரும், அறிக்கை வராது. பரிசோதனைக் கூடம் தாமதம், இயந்திரம் பழுது, புது வக்கீல், இன்னும் கால அவகாசம். நீதிபதி கண்டிப்பார். மறு தேதி கொடுப்பார். அண்ணன் தண்டனை முடிந்து வீட்டுக்கே வந்துவிட்டான். அறிக்கை ஒழுங்காக வந்தபாடில்லை.

அவன் வந்த பிறகு ஒருமுறை மறுபடியும் தண்ணீர் நின்றது. வேறு ஆறு, வேறு எவனோ. அண்ணன் பேசாமல் வாளியை எடுத்தான். எங்கள் வீட்டுக்குத் தூக்கிய பிறகு ஒரு வாளியோடு நேரே மேல் மாடிக்கு ஏறினான். அம்மாவும் நானும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வேணாம்பா. மினரல் வாட்டர் வாங்கி வெச்சிருக்கோம். உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார் ஆன்டி. குரலில் கடுமையே இல்லை. கிரில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நிறைந்த வாளியோடு அண்ணன் இறங்கி வந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவன் வாளியைச் சமையலறையில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். அம்மா அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஒரு தடவ இவன் கையால தண்ணி வாங்கிட்டா போதும். அதப் பாத்துட்டு நான் போயிடுவேன்" என்றாள்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். அதன் பிறகு நடமாட்டம் குறைந்துவிட்டது. நான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டு வந்தால் வழக்கைப் பற்றிக் கேட்க மாட்டாள். "அவ வந்திருந்தாளா? எதாச்சும் பேசினாளா?" என்றுதான் கேட்பாள். ஆன்டியும் வழக்குப் போட்டவர்களில் ஒருவர். முட்டி வலியோடு ஒரு தவணை விடாமல் வருவார். ஒரே பெஞ்சில்தான் உட்கார்வோம், அவர் ஒரு கோடியில், நான் மறு கோடியில்.

ஒருநாள் அறிக்கை வராமல் மறுபடியும் தேதி தள்ளிப்போனதும் நான் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன்.

"ஆன்டி, அம்மா ரொம்ப நாள் இருக்க மாட்டாங்க. அண்ணன் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்துட்டான். சாட்சியும் சொன்னான். இன்னும் அவன் என்ன செய்யணும்?"

அவர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவன் தண்ணியக் கெடுத்தத நான் எப்பவோ மறந்துட்டேம்மா. ஆளாளுக்குக் கெடுக்குறானுங்க. ஆனா ஒவ்வொரு வாளிக்கும் நான் அவன் தலையில கை வெச்சு வாழ்த்துனேன் இல்ல? எம்பேரன் உள்ள வாந்தியெடுத்துக்கிட்டு இருக்கான், நான் வெளிய இவன வாழ்த்துறேன். அதுதான் எனக்கு ஆறல."

நான் சண்டை போடவில்லை. அவர் எழுந்து நிற்கக் கை கொடுத்தேன். அவர் பிடித்துக்கொண்டார். கார் நிறுத்துமிடம் வரைக்கும் அப்படியே நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "பேசினாங்கம்மா, நல்லாத்தான் பேசினாங்க" என்றேன். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்திருக்கும்.

அம்மா ஒரு விடியற்காலையில், குழாயில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு சாதாரண நாளில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

கீழே கூடாரம் போட்டார்கள். அடுக்குமாடியின் மூத்த பெண்மணி மேல் வீட்டு ஆன்டிதான். இங்கே எந்த வீட்டில் பெண் இறந்தாலும் குளிப்பாட்டுவது அவர்தான். வருவாரா என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். அம்மாவைச் சுற்றித் துணித்திரை கட்டச் சொன்னார். மற்றப் பெண்களை வேலை ஏவினார்.

நீர்மாலை எடுக்க மகன் போக வேண்டும். வளாகத்துக் கோயில் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் பிடித்துத் தோளில் சுமந்து வரவேண்டும். அந்தத் தண்ணீரில்தான் அம்மாவுக்குக் கடைசிக் குளியல். அண்ணன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"வேற யாரையாச்சும் போகச் சொல்லுங்க. நான் தண்ணி தூக்கல" என்றான். சாவுக்கு வந்திருந்த மாமா அதட்டினார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

நான் போய்க் குடத்தை எடுத்து அவன் கையில் வைத்தேன். "அம்மாவுக்கு நீதான் தூக்கணும். போ" என்றேன். என் குரல் எனக்கே கட்டளைபோலக் கேட்டது. போனான்.

வெள்ளை வேட்டியை நாலு பேர் தலைக்கு மேல் பிடித்துவர, அதன் நிழலில் அண்ணன் குடத்தைத் தோளில் வைத்து நடந்து வந்தான். உடம்பு குலுங்கியதில் சட்டையில்லாத முதுகெல்லாம் தண்ணீர் வழிந்தது. நான் திரைக்குள் அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றேன். அவன் திரைக்கு வெளியே வந்து நிற்பது, திரைக்கடியில் தெரிந்த நனைந்த கால்களை வைத்துப் புரிந்தது.

மேல் வீட்டு ஆன்டி எழுந்தார். திரையை விலக்கி இரண்டு கைகளையும் வெளியே நீட்டினார்.

"குடுப்பா" என்றார்.

அண்ணன் தோளிலிருந்து குடத்தை இறக்கி அவர் கையில் கொடுத்தான். வெளியே அவன் வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது.

நான் குனிந்து அம்மாவின் காதில் சொன்னேன், "வாங்கிட்டாங்கம்மா." ஆன்டி அம்மாவின் கூந்தலை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை ஊற்றத் தொடங்கினார்.