சாவந்துக்கு எதிராக ஒரு நாய்க்குட்டி

எங்கள் கட்டிட லிஃப்டில் ஒரு நாய் ஏறினால் அதன் அப்பா யார், எங்கே வாங்கியது என்று விசாரிக்கிறார்கள். திலக் நகரின் இந்தக் கட்டிடத்தில், மூன்றாம் மாடியில், இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். என்னிடம் சொந்த ஊர் எது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. மதராசி என்பதே அவர்களுக்குப் போதும். ஆனால் இரண்டாம் மாடி சாவந்தின் லாப்ரடாருக்குக் கொள்ளுத்தாத்தா வரை பெயர் எழுதிய சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அதற்குக் கீழே நாய்க் கண்காட்சிகளில் டியூக் என்ற அந்த நாய் வாங்கிய கோப்பைகள்.

சாவந்த் எங்கள் சொசைட்டியின், அதாவது குடியிருப்போர் சங்கத்தின், செயலாளர். அவரை நான் வெறுப்பதற்கான காரணம் என் நாட்குறிப்பில் ஒரே வரியாக இருக்கிறது: 'வியாழன், காலை 11.20, டெம்போ, செவலை.' செவலை எங்கள் கேட்டில் ஒன்பது வருடம் படுத்துக்கிடந்த தெருநாய். காலையில் நான் போடும் பாவ் ரொட்டியைத் தின்றுவிட்டு என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவிடும். நான் வாஷியில் அலுவலகத்தில் இருந்த நேரம், சாவந்த் அதை ஒரு டெம்போவில் ஏற்றி டிராம்பே பக்கம் கழிமுகத்தோரம் விட்டுவரச் சொல்லியிருக்கிறார். வாட்ச்மேன்தான் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிஸ்கட் பொட்டலத்தோடு அந்தச் சேற்றோரம் கூப்பிட்டபடி நடந்தேன். கிடைக்கவில்லை. மாடிப்படியில் கேட்டபோது சாவந்த் சிரித்துக்கொண்டே, "அண்ணா, டென்ஷன் மத் லோ. யே ஆப்கா காவ் நஹி ஹை" என்றார். கவலைப்பட வேண்டாமாம், இது உங்கள் கிராமம் இல்லையாம். நாட்குறிப்பில் அந்த வரிக்குக் கீழே பக்கத்தைக் காலியாக விட்டேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பெரியப்பா முயல் வேட்டைக்குக் கன்னி நாய்கள் வளர்த்தார். குட்டியைப் பிடரித் தோலில் பிடித்துத் தூக்குவார். கத்தாத குட்டியைத்தான் வைத்துக்கொள்வார். பிறகு ஒரு கந்தலைக் கவ்வக் கொடுத்து இழுப்பார். விடாத குட்டிக்கு மறுநாளே கழுத்துப்பட்டை. வரப்புத் தகராறில் ஒருவர் சந்தையில் வைத்து அவர்மேல் கையை ஓங்கிவிட்டார்.  பெரியப்பா தினமும் சாயங்காலம் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்த ஆள் வீட்டு வாசல் வழியாக நடந்தார். அவ்வளவுதான். ஒரு வருடம் அந்த வீட்டு ஆடுகள் அவிழ்க்கப்படவே இல்லை. பழிவாங்குவது என்றால் எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

சான்றிதழ் உள்ள நாயை யாரும் வளர்க்கலாம் என்று டியூக்குக்காகச் சாவந்தே கொண்டுவந்த விதி இருந்தது. ஆகவே லாப்ரடாரே வாங்குவது என்று முடிவு செய்தேன். விசாரித்ததில் அதில் இரண்டு வம்ச வழி உண்டு என்றார்கள்: கண்காட்சிக்கென்று வளர்த்த வழி, வேட்டைக்கு என்று வளர்த்த வழி. இரண்டையும் தாளில் இரண்டு பத்தியாக எழுதி வைத்தேன். என் மனைவி அதை எட்டிப் பார்த்து, "நாய் வாங்கப் போறியளா, சாவந்துக்கு எமனப் புடிக்கப் போறியளா?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்ல எமனாப் பாத்து வாங்குங்க. வீட்டப் பெருக்குதவ நான்."

முதலில் வாஷியில் ஒரு பெண்மணியின் ஃபிளாட்டுக்குப் போனேன். கண்காட்சி வழிக் குட்டிகள். அகன்ற தலை, குட்டைக் கால், தடித்த வால். வைத்த இடத்தில் இருந்தன. ஒன்றைப் பிடரியில் பிடித்துத் தூக்கினேன்.

"அங்கிள், க்யா கர் ரஹே ஹோ?" என்ன செய்கிறீர்கள் என்று அந்தப் பெண்மணி குட்டியைப் பறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் இப்படித்தான் சோதிப்போம் என்று என் ஹிந்தியில் விளக்கினேன். எதைச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டார். கத்துகிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாக் குட்டிகளும் முன்பதிவாகிவிட்டன என்றார். எனக்கு வருத்தமில்லை. கத்தவில்லைதான்; ஆனால் அந்தக் குட்டி என் கையில் தொங்கியபடியே கொட்டாவி விட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு டிராம்பே கிராமத்தில் பெரேரா வீடு. செவலையைத் தேடி நடந்த அதே சாலையில்தான் பஸ் போனது. பெரேராவின் குட்டிகள் ஒல்லி. நீண்ட கால், குறுகிய முகம், ஒரு நிமிடம் நிற்கவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் ஓடவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டைப் பிரித்துவிடும் என்று எச்சரித்தார். "ஷிகாரி கா கூன் ஹை" என்றார். வேட்டை ரத்தம். எனக்கு வேண்டியதும் அதுதான். இந்த முறை பிடரியைத் தொடவில்லை. கந்தலை மட்டும் வீசினேன். ஒரு கறுப்புப் பெண்குட்டி மற்ற ஐந்தையும் முந்திப் பாய்ந்து கவ்வியது. இதுதான் என்றேன். பெரேரா பெருமையாக, "இஸ்கா முஹ் ஏக்தம் நரம் ஹை, அண்ணா" என்றார். வாய் ரொம்ப மென்மையாம். பால் பல்தானே, போகப் போகக் கூராகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

காளி என்று பெயர் வைத்தோம். எட்டு மாதம், காலை 5.30 முதல் 7 வரை மைதானம், தவறாமல். சாயங்காலம் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்குவேன், சாவந்தின் வாசல் வழியாக. ஒருநாள் அவர் டியூக்கோடு வாசலில் நின்றபோது, இதற்காகத்தான் வளர்த்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாரைக் கைநழுவவிட்டேன். காளி பாய்ந்தது. சாவந்த் சுவரோடு ஒட்டினார்; டியூக் அவர் காலுக்குப் பின்னால் போனது. காளி இருவரையும் தாண்டி, வாசலில் கிடந்த இடது கால் செருப்பைக் கவ்வி வந்து என் கையில் வைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் டியூப்லைட் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். ஒரு பல் தடம் இல்லை. திரும்பக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன்.

பெரேராவை ஃபோனில் கூப்பிட்டேன். அவர் சந்தோஷப்பட்டார். யாரோ சுட்டு வீழ்த்திய பறவையை ஒரு இறகும் கலையாமல் எடுத்து வந்து கையில் கொடுப்பதுதான் இந்த வழியின் வேட்டை என்றார். கடித்தால் அந்த நாய் கழிவு. பெரியப்பாவின் நாய்கள் பிடித்த முயல் ஒருநாளும் முழுதாக வந்ததில்லை. வேட்டை என்றால் உலகம் முழுக்க எங்கள் ஊர் வேட்டைதான் என்று நம்பி வாங்கியிருக்கிறேன். மனைவி சிரித்து முடிக்க வெகுநேரமானது. "சாவந்துக்கு வேலைக்காரி புடிச்சுக் குடுத்துட்டிய."

ஆனால் ஒன்றை நானே பழக்கியிருந்தேன். 'போடு' என்று சொன்னால்தான் காளி வாயிலிருப்பதை விடும். வேறு எந்தச் சொல்லுக்கும் விடாது. இப்போது தினமும் மைதானத்திலிருந்து திரும்பும்போது அது எனக்கு முன்னால் படியேறி, சாவந்தின் வாசலில் கிடக்கும் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவிலுள்ள திருப்பத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நேற்று சாவந்த் ஒற்றைச் செருப்போடு எட்டுப் படி ஏறி வந்தார். விடு என்பதற்கு "சோட்" என்றார். "சோட் நா, பேட்டா" என்றார். சீஸ் துண்டை நீட்டினார். காளி வாலை ஆட்டியது, வாயைத் திறக்கவில்லை. நான் எட்டுப் படி மேலே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நல்ல நாய் அண்ணா," என்றார் ஹிந்தியில். "எங்கே வாங்கினீர்கள்?"

"டிராம்பே. நீங்கள் செவலையை விட்ட பக்கம்."

அவர் தன் வெறுங்காலைப் பார்த்தார். அப்புறம்தான் 'போடு' என்றேன். என் ஊரை நேற்றும் கேட்கவில்லை. நாட்குறிப்பில் காலியாக விட்ட பக்கத்தில் முதல் வரியை எழுதினேன்: '7.12 முதல் 7.16 வரை. நான்கு நிமிடம்.' பக்கத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அந்த நான்கு நிமிடமும் காளி செருப்போடு திருப்பத்தில் உட்கார்ந்து என்னை ஒருமுறை, சீஸை ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தது, மேலேயும் வராமல், கீழேயும் போகாமல்.