பேத்திக்குப் பேர் வைக்க வந்த எம்.பி.

எங்கள் தெருவில் முதன்முதலில் கறுப்புக் கோட்டு போட்டவன் பகலவன். நானும் அவனும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போனோம். நான் மூன்றாம் வகுப்போடு நாற்றுப் பறிக்கப் போய்விட்டேன். அவன் தஞ்சாவூரில் சட்டப் பேராசிரியர் ஆகிற வரைக்கும் நிற்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அரசியல் சாசனம் நடத்தினான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "அதுல ரெண்டு கருத்து இருக்கு" என்பான். இப்படிப்பட்ட ஆளைக் கட்சி விடுமா? எம்.பி. ஆக்கிவிட்டது.

ஓட்டுக் கேட்டு வந்தபோது என் மருமகள் மதிவதனி முழுகாமல் இருந்தாள். "டேய் ராஜாங்கம், உன் பேரப்புள்ளைக்கு நான்தான் பேர் வைப்பேன்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மதிவதனி சிரித்தாள். அவள் அவனிடமே சட்டம் படித்தவள். வாய்க்கால் மதகு உடைந்தால் மத்திய அரசைக் கேட்க வேண்டும் என்று எழுதி, அவன் கையால் ஃபெயில் ஆனவள்.

பேத்தி பிறந்தாள். தங்க விக்கிரகம்! பல் முளைத்தது, பேர் முளைக்கவில்லை. தடுப்பூசி அட்டையில் 'மதிவதனி குழந்தை' என்றுதான் இருந்தது.

அவனுக்கு டெல்லியில் ஏகப்பட்ட வேலை. மூன்று நிமிடம் பேச விட்டார்களாம். இரண்டரை நிமிடம் தலைவருக்கு நன்றி சொன்னான். மிச்சத்தில் எங்கள் ஊர் மதகை எப்போது சரி செய்வீர்கள் என்று கேட்டான். அது மாநில அரசின் பொறுப்பு என்று பதில் வந்தது.

"சாரும் ஃபெயிலு மாமா" என்றாள் மதிவதனி.

ஊரில் பட்டாசு வெடித்தார்கள். குரல் கொடுத்துவிட்டாராம்.

பதினோராம் மாதம் என் சம்சாரம் அம்சம் பொறுமை இழந்தாள். "ஒரு வருசத்துக்குள்ள பேரைப் பதியச் சொல்றாங்க. உங்க கூட்டாளி வரலைன்னா, புள்ளைக்கு மதகுன்னே வச்சுடுவேன், ஆமா!"

நான் நாலு தடவை போன் போட்ட பிறகு, நாலு காரில் வந்தான். மேடை, மைக், பொன்னாடை எல்லாம் ஆயிற்று. குழந்தையைக் கையில் வாங்கினான்.

"பெயர் என்பது ஒருவரின் அடையாள உரிமை. அவசரப்படக் கூடாது. மூவர் குழு அமைத்துக் கருத்துக் கேட்டு..."

குழந்தை அழுதது. மதிவதனி மேடையேறி அதை வாங்கிக்கொண்டாள்.

"சார், இது மத்திய அரசும் இல்ல, மாநில அரசும் இல்ல. பெத்தவ பொறுப்பு. இவ பேரு இசைவாணி" என்றாள் மைக்கிலேயே.

முதலில் கைதட்டியவன் பகலவன். அதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை.

மறுநாளே தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். 'இசைவாணிக்குப் பெயர் சூட்டிய எம்.பி.!' படத்தில் அவன் கையில் என் பேத்தி. மதிவதனியை வெட்டிவிட்டிருந்தார்கள்.

அந்த வாரமே மழை பிடித்தது. போர்வெல் தண்ணீரில் விளைந்த குறுவை நெல் களத்தில் கிடந்தது. பிளெக்ஸைக் கழற்றி மேலே மூடினேன். நல்ல கெட்டித் துணி, ஒரு சொட்டு இறங்கவில்லை. யார் சொன்னது எம்.பி. விவசாயிக்கு ஒன்றும் செய்யவில்லை என்று?